பத்துக்கு அடுத்தது இருபத்தொன்பது

அழகனுக்கு மூன்று நாளாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கவ்வாத்து மலையில் தன் நிரையை விட்டுவிட்டுப் பக்கத்து ஆளின் நிரையில் போய்த் தேயிலைச் செடியை வெட்டினான். சோற்றுக்கு உட்கார்ந்தால் பாதியில் எழுந்து லயத்து வரிசைவீட்டு வாசலில் நின்றான். தொட்டிலில் கிடந்த பதினோரு மாதப் பெண்பிள்ளை ஒரு தடவை இருமினால் போதும், ஓடிவந்து குனிந்து பார்த்தான்.

"செக்கு மாடாட்டம் சுத்துறீங்களே, எண்ணெயாவது வருதா?" என்றாள் காளியாயி.

சுற்றாமல் என்ன செய்வான்? போன மாசியில் அவள் பிரசவ வலியில் மூன்று நாள் கிடந்தாள். தோட்டத்து மருந்துக்காரர் முதலில் கையை விரித்தார், பிறகு கையைக் கழுவினார். அன்றைக்கு அழகன் காமன் கூத்து நடக்கிற பொட்டலுக்கு ஓடி, காமனை எரித்து இன்னும் சூடு ஆறாத சாம்பலை அள்ளி நெற்றியில் பூசிக்கொண்டு நேர்ந்துகொண்டான்: தாயும் பிள்ளையும் பிழைத்தால் அடுத்த மாசியில் நானே மதன் வேஷம் கட்டி ஆடுகிறேன். இரண்டு உயிரும் பிழைத்தன. காமனுக்கு நேர்ந்ததைச் செய்யாமல் விட்டால் அவர் கொடுத்த இடத்திலேயே திருப்பிக் கேட்பார் என்பது மலையில் எல்லாருக்கும் தெரியும். கொடுத்த இடம் தொட்டிலில் கிடந்து இருமியது.

நேர்ந்துகொண்டவனுக்குத்தான் வேஷத்தில் முதல் உரிமை. அது ஊசிப்பாறைத் தோட்டத்து வழக்கம். பெரியங்கங்காணி பொன்னையாவின் தங்கை மகன் சின்னராசாவுக்கு மதன் மேல் ஆசை வரும்வரை அந்த வழக்கத்துக்கு ஒரு குறையும் இல்லை. சின்னராசா தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை செய்கிறவன். தேயிலைத் தூள் படாத ஆள். எப்படி என்பது அவனுக்கே வெளிச்சம். ஹட்டனுக்குப் போய், கிரீடம் வைத்து, கரும்பு வில்லோடு முன்கூட்டியே படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். படம் வீணாகக் கூடாது என்று தாய்மாமன் நினைத்தார். தாய்மாமன்தான் காமன் சபைக்குத் தலைவர்.

புதன்கிழமை பெரட்டுக்களத்திலேயே, ஆட்களை மலைக்குப் பிரித்து அனுப்பிய கையோடு, பொன்னையா சபையைக் கூட்டி ஒரு புது விதியை நிறைவேற்றினார். மதன் வேஷம் கட்டுகிறவனின் தகப்பனும் பாட்டனும் இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர்களாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். பள்ளத்து லயத்தில் இருந்த பதினாறு குடும்பங்களும் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் கொத்மலைப் பக்கத்திலிருந்து வந்தவை. அழகன் பள்ளத்து லயத்து ஆள். ஆனால் விதியில் எங்கே தேடினாலும் பள்ளத்து லயம் என்ற சொல் இல்லை. அதுதான் அந்த விதியின் அழகு.

அழகனுக்கு இந்த அழகு புதிதல்ல. நாற்பத்தேழாம் வருஷத் தேர்தலில் அவன் வோட்டுப் போட்டவன். அதற்குப் பிறகு வந்த சட்டம் உன் அப்பன் எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே பிறந்தான் என்று கேட்டது. வோட்டர் இடாப்பிலிருந்து பேர் போய்விட்டது. அந்தச் சட்டத்திலும் தோட்டத்துத் தமிழன் என்ற சொல் இல்லையாம். பொன்னையாவின் பேரும் அதே இடாப்பிலிருந்துதான் போனது. போன இடத்தில் கற்றுக்கொண்டதை வீணாக்குவானேன் என்று பெரியங்கங்காணி நினைத்திருக்க வேண்டும்.

"வாத்தியார்கிட்ட போங்க. அவருதான யாப்பு எழுதுனாரு?" என்றாள் காளியாயி.

யாப்பு என்கிற அரசியலமைப்பு எழுதிய கதை இது. நாடு சுதந்திரம் அடைந்தபின், சங்கம் என்றும் சபை என்றும் பேர் வைத்த எதுவும் யாப்பு இல்லாமல் இருக்கக் கூடாது என்று ஒரு காய்ச்சல் மலைநாட்டில் பரவியது. ஊசிப்பாறையில் அது முதலில் கண்டது யேசுரட்ணம் வாத்தியாருக்கு. ஐந்து வகுப்புகளை ஓர் அறையில் ஒரே பிரம்பால் நடத்துகிறவர். கொழும்பு யாப்பின் பிரதி ஒன்றை வாங்கி, வேதபுத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். எதை முதலில் தூசு தட்டுவார் என்பது அவர் மனைவி ஐவிக்குத் தெரியும். மாசியில் காமனை ஊன்றி, ரதியையும் மதனையும் ஆடவிட்டு, பௌர்ணமியில் எரித்துவிட்டுக் கலைந்துபோகிற காமன் சபைக்கு அவர் பதினொரு விதிகள் எழுதினார். ஆமணக்குக் கொம்பு யார் வெட்டுவது, கரும்பு எங்கே வாங்குவது என்று பத்து விதிகள். பத்துக்கு அடுத்தது இருபத்தொன்பது.

"நடுவுல பதினெட்டு எங்கங்க ஐயா?" என்று அப்போதே யாரோ கேட்டார்கள்.

"கொழும்பு யாப்புல பெரிய பிரிவு இருபத்தொன்பது. நம்ம யாப்புலயும் பெரிய விதிக்கு அந்த நம்பர்தான். மத்ததெல்லாம் பின்னால வரும்" என்றார் வாத்தியார்.

அந்த இருபத்தொன்பது சொன்னது: 'மற்ற லயத்தாருக்கு இல்லாத தடை எதையும் ஒரு லயத்தாருக்கு மட்டும் உண்டாக்கும் விதியை இச்சபை இயற்றலாகாது.'

அழகன் அதைச் சொன்னதும் வாத்தியாரின் முகம் பெட்ரோமாக்ஸ் பற்றியது போலானது. "படிச்சிருக்கியா?"

"எங்கங்க ஐயா படிக்கிறது. நீங்க வாசிச்சப்ப காதுல விழுந்துச்சு. இப்ப கங்காணியார் போட்ட விதி இதுக்கு ஒத்து வருமா?"

"வரவே வராது!"

"அப்ப செல்லாதுன்னு சொல்லிருங்க. நான் வேசத்துக்குப் போறேன்."

வாத்தியார் நாற்காலியில் சாய்ந்தார். "அங்கதான் இருக்கு விஷயம். யாப்ப எழுதுனவன் அதுக்கு அர்த்தம் சொல்லப்படாது. அதுக்குன்னு ஒரு கோர்ட்டு வேணும்."

"நம்ம யாப்புல கோர்ட்டு இருக்குங்களா?"

"இல்ல."

அழகன் எழுந்துவிட்டான். வாத்தியார் கையமர்த்தினார். "ஒக்காரு, ஒக்காரு. சட்டம் செல்லுமா செல்லாதான்னு கோர்ட்டுதான் பாக்கணும்னு கொழும்பு யாப்புலயுந்தான் தெளிவா ஒரு வரி கெடையாது. ஆனா பாத்தாங்களே! கேகாலைப் பக்கம் ஒருத்தர் பேர வோட்டர் இடாப்புல சேக்க மாட்டேன்னுட்டாங்க. இது யாப்புக்கே ஆகாதேன்னு அவரு கேட்டாரு. ஒரு அதிகாரி ஆமா ஆகாதுன்னாரு. பெரிய கோர்ட்டு எடுத்துப் பாத்துச்சு."

"பாத்து?"

"பாக்கலாம்ன்னு ஆயிருச்சு. அதுதான் பெரிசு."

"பாத்து என்ன சொன்னாங்க?"

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "சட்டம் செல்லும்ன்னாங்க. இப்ப கேசு லண்டனுக்குக் கப்பலேறியிருக்கு."

இதை அழகன் வீட்டில் வந்து சொன்னபோது காளியாயி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். "பாக்க அதிகாரம் இருக்கு, பாத்தோம், ஒண்ணுமில்லன்னாங்களாக்கும்? அதுக்கு எதுக்குக் கண்ணத் தொறக்கணும்? மூடிக்கிட்டே சொல்லியிருக்கலாமே."

ஆனாலும் அவனுக்கு வேறு கதி இல்லை. சனிக்கிழமை மாலை வாத்தியாருக்குப் பின்னால் பெரியங்கங்காணி வீட்டு வாசலில் போய் நின்றான். பொன்னையா தலைப்பாகையை அவிழ்க்காமலே கேட்டார்.

"கோர்ட்டா? எனக்கு மேல தொரை. தொரைக்கு மேல மழை. நடுவுல எவன்யா கோர்ட்டு?"

"நாகரிகமான தேசத்துல எல்லாம் சபை விதி போடும், கோர்ட்டு அர்த்தம் சொல்லும், கங்காணியார்."

பொன்னையா வெற்றிலையைக் குதப்பினார். "கொழும்பு கோர்ட்டு யாரு பக்கம் சொன்னுச்சு? சட்டம் போட்டவங்க பக்கமா, மறுத்தவங்க பக்கமா?"

"போட்டவங்க பக்கம்."

"அட, அப்ப நல்ல கோர்ட்டுதான். வெச்சிருங்க." உள்ளே திரும்பி, "வாத்தியாருக்குத் தேத்தண்ணி போடு" என்று குரல் கொடுத்தார்.

அழகனுக்குத் தேத்தண்ணி வரவில்லை. அவன் வாசலில் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டு நின்றான்.

நீதிபதி யார் என்பதில் தகராறே இல்லை. காமன் எரிந்தானா எரியவில்லையா என்பதில் எந்தக் கட்சியும் இல்லாத ஒரே ஆள் யேசுரட்ணம் வாத்தியார். அவருக்கு இரண்டுமே புறச்சமயம். யாப்பை எழுதியவன் அர்த்தம் சொல்லப்படாது என்று தான் சொன்னதை அவரே மறந்துவிட்டார். வக்கீல்களுக்கும் தேட வேண்டியிருக்கவில்லை. ஊசிப்பாறையில் வாதாடத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான். நல்லமுத்து எரியாத கட்சி, முத்துலிங்கம் எரிந்த கட்சி. சிவனுடைய நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிந்துதான் போனான் என்று ஒருவரும், எரியவே இல்லை என்று மற்றவரும் டேப் என்ற சிறு பறையைத் தட்டி லாவணி பாடி இருபது மாசிகளாக மோதிக்கொள்கிறார்கள். யார் ஜெயித்தது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை, கேட்டதும் இல்லை. ஜெயித்துவிட்டால் அடுத்த வருஷம் என்னத்தைப் பாடுவது?

அழகன் ஓடிப்போய் நல்லமுத்துவைப் பிடித்துக்கொண்டான். எதிராளியைப் பேச்சில் மடக்க அவரை மிஞ்ச ஆளில்லை. கேஸ் பாதி ஜெயித்த மாதிரி என்று அன்றைக்கு மட்டும் சோற்றை முழுதாகத் தின்றான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடம் கோர்ட்டானது. வாத்தியார் தன் கல்யாணத்துக் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். ஐவியம்மா பூச்சி அரித்த இடங்களை மையால் கறுப்பாக்கியிருந்தாள். சுத்தியலுக்குப் பதில் கரும்பலகை துடைக்கிற டஸ்டர். "அமைதி!" என்று ஓங்கி அடித்ததும் சோக்குத்தூள் எழும்பி, நீதி கொஞ்ச நேரம் மறைந்து, இருமலோடு வெளிப்பட்டது.

பொன்னையாவுக்காக முத்துலிங்கம் முதலில் எழுந்தார். வக்கீல் என்றால் பேச வேண்டும் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். ஆனால் கை தானாக டேப்புக்குப் போய்விட்டது.

"யாரைச் சொன்னது விதியிலே – ஒரு
பேரைச் சொன்னதா வரியிலே – பள்ளத்
தாரைச் சொன்னதா, லயத்தைச் சொன்னதா
காட்டும் வாத்தியார் முன்னிலே!"

பொன்னையாவின் மேட்டு லயத்து ஆட்கள் தரையைத் தட்டினார்கள். நல்லமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"எட்டு வச்சுத் தாண்டும் ஓடைக்கு
இக்கரை அக்கரை உண்டோ – அட
கட்டுக் கரும்பு வில்லுடை மதனைப்
பாட்டன் ஊர்கேட்ப துண்டோ?"

பாடிவிட்டு டேப்பைக் கீழே வைத்தார். "ஐயா, ஒரே ஒரு கேள்வி. எலிப்பொறி வெக்கிறோம். அதுல 'எலிக்கு மட்டும்'ன்னு எழுதி வெக்கிறோமா? எழுதாட்டியும் மாட்டுறது யாரு? கங்காணியாரா மாட்டுறாரு?"

பள்ளிக்கூடத்துத் தகரம் அதிர்ந்தது. மேட்டு லயத்திலேயே பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். சின்னராசா கூடச் சிரித்து, மாமன் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். முத்துலிங்கம் டேப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். இருபது வருஷத்தில் முதல் தடவையாக எரிந்த கட்சி எரிந்துதான் போனது என்று அழகன் பூரித்தான். அவன் கால்கள் இருந்த இடத்திலேயே மதனுக்கு அடி போட்டுப் பார்த்தன.

அடுத்து நடந்ததுதான் வினை. லாவணி முடிந்தால் ஒரு மரியாதை உண்டு. ஓங்கி நின்றவர் தாழ்ந்து போய், எதிராளிக்கு வெற்றிலை கொடுத்து, "உங்க கட்சியிலயும் ஞாயம் இருக்குங்க" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பாட்டுக்காரனில்லை. நல்லமுத்து மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தார், நடந்து போனார், குனிந்து கொடுத்தார்.

"உங்க கட்சியிலயும் ஞாயம் இருக்குங்க, முத்துலிங்கண்ணே."

"என்ன சொன்னீர்?" என்றார் வாத்தியார், பேனாவைத் திறந்தபடி.

"எதிர்க்கட்சியிலயும் ஞாயம் இருக்குன்னேங்க."

வாத்தியார் எழுதிக்கொண்டார். அவர் எழுதிய விதத்தில் அழகனுக்கு என்னவோ போலிருந்தது. "மாமா, என்னத்துக்கு அதச் சொன்னீங்க?" என்று காதோரம் கேட்டான்.

"மருவாதடா. சொல்லாம எப்புடி?"

தீர்ப்பு வாசிக்க வாத்தியார் எழுந்தபோது எல்லோரும் எழுந்தார்கள். எழ வேண்டும் என்று முதல் நாளே பழக்கியிருந்தார்.

"ஒன்று. இந்தச் சபை இயற்றுகிற எந்த விதியையும் யாப்போடு ஒப்பிட்டுப் பார்த்து, முரணானால் அதை ஒன்றுமில்லாமல் ஆக்குகிற முழு அதிகாரம் இந்த மன்றுக்கு உண்டு."

பள்ளத்து லயம் கைதட்டியது. பொன்னையாவின் வாயில் வெற்றிலை நின்றுபோனது. அழகன் காளியாயியைத் திரும்பிப் பார்த்தான். அவள் கைதட்டவில்லை, பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு அடுத்ததற்குக் காத்திருந்தாள்.

"ஆனால்," என்றார் வாத்தியார், "குறித்த விதியில் எந்த லயத்தின் பேரும் இல்லை. எழுத்துத் தெளிவாக இருக்கும்போது, எழுதியவரின் மனதில் என்ன இருந்தது, அதனால் யாருக்கு என்ன விளைந்தது என்றெல்லாம் மன்று தேட வேண்டியதில்லை. மேலும், எதிர்க்கட்சியில் நியாயம் உண்டு என்று வாதியின் தரப்பே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆகவே விதி செல்லும்."

"ஐயா! அது மருவாதிக்குச் சொல்றதுங்க! இருவது வருசமா சொல்றேன்!" என்று நல்லமுத்து கத்தினார்.

"பதிவாகிவிட்டது" என்றார் வாத்தியார்.

மன்றின் அதிகாரத்தை முதலில் ஏற்றுக்கொண்டவர் பொன்னையாதான். எழுந்து, தலைப்பாகையை அவிழ்த்து, வாத்தியாரின் கறுப்புக் கோட்டுக்கு ஒரு கும்பிடு போட்டார். "கோர்ட்டுன்னா இதுல்ல கோர்ட்டு. இனிமே எது வந்தாலும் ஐயா சொல்றதுதான். அதிகாரத்த நாங்க ஒத்துக்கிட்டோம்."

"அப்ப ஒண்ணு கேட்டுக்கறேன்" என்றாள் காளியாயி. பெண்கள் பக்கத்திலிருந்து முன்னால் வந்தாள். "சின்னராசா தம்பியோட பாட்டன் எங்க பொறந்தாரு? மண்டபம் காம்புல ஊசி போட்டுக்கிட்டு, கழுத்துல தகரத் துண்டோட கப்பல்ல வந்தவருதான? நம்ம எல்லாரு பாட்டனும் அங்கிட்டுதான். இந்தத் தோட்டத்துல அப்பன், பாட்டன், முப்பாட்டன்னு பொறந்தது தொரை பங்களா நாயிதான். அதுக்குக் கட்டுங்க வேசத்த."

சிரிப்பு அடங்க இரண்டு டஸ்டர் அடி தேவைப்பட்டது. பொன்னையா மட்டும் கலங்கவில்லை. சபை உறுப்பினர்கள் எல்லாரும் அங்கேயே இருந்தார்கள். இன்னொரு விதிக்குக் கையைத் தூக்கச் சொன்னார், தூக்கினார்கள். சபையின் பழைய பதிவில் பேர் உள்ள குடும்பங்களின் பாட்டன்மார் இத்தோட்டத்தில் பிறந்தவர்களாகவே கருதப்படுவர். பழைய பதிவில் மேட்டு லயம் மட்டும் இருந்தது. செத்து முப்பது வருஷமான சின்னராசாவின் பாட்டன் அன்று மாலை நாலேகால் மணிக்கு ஊசிப்பாறையில் மறுபடி பிறந்தார். மன்று அதையும் பார்த்தது. எழுத்துத் தெளிவாக இருந்தது.

அன்றும் மறுநாளும் அழகன் லயத்து வாசலுக்கும் தண்ணீர்ப் பீலிக்கும் நடந்துகொண்டே இருந்தான். பிள்ளையின் இருமல் கொஞ்சம் கூடியிருந்தது. பனிக்கு வந்த இருமல் என்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைமடுவத்து ஆயா சொன்னாள். பனியை அனுப்பியது யார் என்று அவள் சொல்லவில்லை.

"லண்டன்ல ஒரு கோர்ட்டு இருக்குதாமே" என்றான் செவ்வாய்க்கிழமை.

காளியாயி முறத்தைக் கீழே வைத்தாள். "நீங்க நேந்துக்கிட்டது யாருக்கு? காமனுக்கா, காமன் சபைக்கா?"

"காமனுக்குத்தான்."

"அவரு இருபத்தொம்பது கேட்டாரா? நடுவுல எதுக்கு இத்தன பேரு? நம்ம லயத்துக்குக் கீழ எடமா இல்ல? ஊனுங்க."

அழகன் நின்றுவிட்டான். ஒரு தோட்டத்தில் இரண்டு காமனா? கேள்விப்படாத காரியம். லயத்தில் சொன்னதும் பயந்தவர்கள்தான் அதிகம். செக்ரோல் வருகைப் புத்தகத்தில் பேர் போடுகிறவர் கங்காணி. நாளைக்கு உனக்கு வேலை இல்லை என்றால் எந்த யாப்பைக் காட்டுவது? தோஷம் வேறு இருக்கிறதே என்று கிழவர்கள் இழுத்தார்கள். தீர்த்துவைத்தவர் நல்லமுத்து. வெற்றிலையால் வந்த வினைக்கு அவர் இரண்டு நாளாக வெற்றிலையே போடாமல் இருந்தார்.

"காமன் எரிஞ்சானா எரியலையான்னே இன்னும் முடிவாகல. ரெண்டு தடவ எரியக் கூடாதுன்னு எவன்டா முடிவு பண்ணுனான்? ஊனு. நான் பாடுறேன்."

அமாவாசை கழித்து மூன்றாம் நாள், மேட்டில் ஒரு காமனும் பள்ளத்தில் ஒரு காமனும் ஊன்றப்பட்டன. அழகன் கையில் காப்புக் கட்டிக்கொண்டான். அடுத்த நாளிலிருந்து அவனுக்குக் கவ்வாத்தில் கல்லும் வேரும் நிறைந்த நிரைகளே கிடைத்தன. கத்தி மழுங்கியது, அவன் தீட்டிக்கொண்டான். மேட்டில் சின்னராசா நன்றாக நின்றான். படத்தில் போலவே நின்றான். ஆடத்தான் வரவில்லை. ஒரு வாரத்துக்குள் மேட்டு லயத்துப் பெண்கள் தண்ணீர் எடுக்கிற சாக்கில் பள்ளத்துக்கு வர ஆரம்பித்தார்கள். தண்ணீர் மேட்டிலும் இருந்தது.

பொன்னையா கோர்ட்டுக்குப் போனார்.

ரதி மதன் கல்யாண நாள், ஞாயிற்றுக்கிழமை. அழகன் முகத்தில் பாதி அரிதாரம் பூசியிருந்தபோது முத்துலிங்கம் ஒரு காகிதத்தோடு இறங்கி வந்தார். 'இரண்டாவது காமன் யாப்புக்கு முரணானதெனத் தலைவர் வழக்குத் தொடுத்துள்ளார். பிரதிவாதி அழகன் மூன்று மணிக்கு மன்றில் தோன்றுக. தவறின்—' அதற்கு மேல் எழுதவில்லை. தவறினால் என்ன என்று வாத்தியாருக்கே தெரியாது போலிருந்தது.

முத்துலிங்கம் வாசித்துக்காட்டிவிட்டுக் காகிதத்தை அழகனிடம் நீட்டினார். போனால் காமனை விலக்கிவிடுவார்கள். போகாவிட்டால் என்ன செய்வார்கள்? காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"காப்புக் கட்டி, வேசத்துல இருக்கேன்ண்ணே. வேசத்தோட படி ஏறக் கூடாது" என்றான். அப்படி ஒரு வழக்கம் கிடையாது. அந்த நிமிஷம் உண்டானது. "கோர்ட்டுக்குத்தான் கால் இருக்கே. இங்க வரச் சொல்லுங்க."

முத்துலிங்கம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லாத்தான் பூசியிருக்க" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

மூன்றரை மணிக்கு மன்று இறங்கி வந்தது. கறுப்புக் கோட்டு, கக்கத்தில் யாப்பு நோட்டு, ஒரு கையில் டஸ்டர், தலைக்கு மேலே தானே கவிழ்த்துச் சுமந்த நாற்காலி. பின்னால் பொன்னையா, அவருக்குப் பின்னால் கூட்டம் வரும் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். கூட்டம் முன்னாலேயே வந்து பள்ளத்தில் உட்கார்ந்திருந்தது. தப்புக்காரர்கள் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். மேட்டு லயத்துப் பெண்கள் நல்ல இடம் பிடித்திருந்தார்கள். அதில் பெரியங்கங்காணியின் சம்சாரமும் இருந்தாள்.

வாத்தியார் நாற்காலியைப் போட்டார். அது சரிவில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உட்கார்ந்து, மேசை இல்லாததால் டஸ்டரால் தன் தொடையிலேயே அடித்தார். கூட்டத்தைப் பார்த்தார். கரும்பு கட்டிய காமனைப் பார்த்தார். பச்சை முகத்தோடு நின்ற அழகனைப் பார்த்தார். விலக்கிவிட்டால் இவன் நிறுத்துவானா? நிறுத்தாவிட்டால் நாளைக்குக் கோர்ட்டு எங்கே? அவர் நெற்றியில் வேர்வை பூத்து, மை பூசிய காலரில் இறங்கியதை அழகன் கண்டான். தன்னைப் போல இன்னொருவருக்கும் உட்கார முடியவில்லை என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

"ஒன்று," என்றார் வாத்தியார். "இந்தத் தோட்டத்தில் எந்தக் காமனையும் பிடுங்கச் சொல்லுகிற முழு அதிகாரம் இந்த மன்றுக்கு உண்டு."

பொன்னையா மீசையைத் தடவினார். 

"ஆனால், யாப்பில் காமன் என்று இருக்கிறதே தவிர, எத்தனை காமன் என்று இல்லை. எழுத்துத் தெளிவாக இருக்கும்போது மன்று எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. ஆகவே இந்தத் தடவை தலையிடவில்லை."

"என்னய்யா இது!" என்றார் பொன்னையா.

"நீங்கதான் அதிகாரத்த ஒத்துக்கிட்டீங்க, கங்காணியார். பதிவாகியிருக்கு."

தப்பு முழங்கியது. வாத்தியார் நோட்டைத் திறந்து பேனாவை நீட்டினார். "அழகன், ஒரு கையெழுத்து. தீர்ப்பை ஏற்றுக்கொண்டேன்னு. கைநாட்டும் போதும்."

அழகனுக்குச் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. போன ஞாயிறுக்கு முந்திய ஞாயிறு இதே 'ஆனால்' அவனைக் கீழே தள்ளியது. இன்றைக்குத் தூக்கிவிட்டிருக்கிறது. கைநாட்டு வைத்தால் அடுத்த மாசியில் அது எந்தப் பக்கம் சாயும்?

"கையெல்லாம் அரிதாரங்க ஐயா. எரிச்ச பொறவு பாப்போம்."

"அப்ப நீயாவது—" என்று வாத்தியார் காளியாயி பக்கம் திரும்பினார். அவள் ஒரு கையில் ஆரத்தித் தட்டோடும் மறு கையில் பிள்ளையோடும் திணறிக்கொண்டிருந்தாள்.

"நல்லதாப் போச்சு, ஐயா சும்மாத்தான இருக்கீங்க. செத்த புடிச்சுக்குங்க" என்று பிள்ளையை அவர் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அழகன் காமனை வலம் வந்து முதல் அடி எடுத்து வைத்தான். ரதி எதிரே வந்தாள். நல்லமுத்துவின் குரல் ஓங்கியது. இரண்டாவது சுற்றில் அவன் கண் தானாக நாற்காலிப் பக்கம் போனது. மன்று ஒரு கையால் பிள்ளையைத் தாங்கி, மறு கையால் பேனாவை அதற்கு எட்டாத உயரத்தில் பிடித்துக்கொண்டிருந்தது. பிள்ளைக்குப் பல் முளைக்கிற நேரம். யாப்பின் மூலையை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. இருமவில்லை. இருமுகிறதா என்று அவன் இன்னும் ஒரு கணம் பார்த்தான்.

"மதன்! கால் எங்க போவுது? ரதி இங்கிட்டு இருக்கா!" என்று நல்லமுத்து பாட்டுக்கு நடுவிலேயே அதட்டினார்.